இரண்டு வலைகள் ஒன்றாவது எப்போது? பி.பி.என்.எல்., பி.எஸ்.என்.எல். இணைப்பு குறித்து ஒரு விமர்சனம்

2022 ஜூலை 27 அன்று மத்திய அமைச்சரவை, பாரத் பிராட்பேண்ட் நெட்வொர்க் எனப்படும் பி.பி.என்.எல். நிறுவனத்தை பி.எஸ்.என்.எல்.லுடன் இணைக்க ஒப்புதல் அளித்தது. பி.எஸ்.என்.எல்.லிடம் அப்போது இருந்த ஒளியிழை வடம் 6.83 லட்சம் கி.மீ. பி.பி.என்.எல். 1.85 லட்சம் ஊராட்சிகளில் பதித்திருந்தது 5.67 லட்சம் கி.மீ. கூட்டினால் 12.50 லட்சம் கி.மீ. கூட்டல் சரிதான். ஆனால் வலையின் நீளத்தைக் கொண்டு அதன் வலிமையை அளக்கலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. வீட்டுக்கு இணையம் வருவதும் இணைப்பு, இரண்டு ஊர்களுக்கிடையே வடம் ஓடுவதும் இணைப்பு, இரண்டு நிறுவனங்கள் ஒன்றாவதும் இணைப்பு. இதனால் நிறுவனங்கள் இணைந்துவிட்டன என்ற செய்தியைப் படிப்பவர், வலைகளும் இணைந்துவிட்டன என்று எண்ணிக்கொள்கிறார். முதலாவதை ‘நிறுவன இணைப்பு’ என்றும் இரண்டாவதை ‘வலை ஒருங்கிணைப்பு’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது. முன்னது கையெழுத்தில் முடியும். பின்னது ஒவ்வொரு ரூட்டராக, ஒவ்வொரு வடமாகச் செய்ய வேண்டிய வேலை.

எம்.பி.எல்.எஸ். என்ன செய்கிறது?

பெரிய இணைய நிறுவனங்களின் முதுகெலும்பு வலை எம்.பி.எல்.எஸ். என்னும் முறையில் இயங்குகிறது. இதன் கட்டமைப்பை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 3031 என்ற ஆவணம் 2001 ஜனவரியில் வெளியானது. வலைக்குள் நுழையும் ஒவ்வொரு தரவுப்பொதியின் மீதும் ஒரு சிறு லேபிள் ஒட்டப்படும். வழியில் உள்ள ரூட்டர்கள் முழு முகவரியைப் பார்ப்பதில்லை. லேபிளை மட்டும் பார்த்து, அதை மாற்றி ஒட்டி, அடுத்த ரூட்டருக்கு அனுப்புகின்றன. வங்கிக் கிளைகள், அரசு அலுவலகங்கள் போன்றவற்றின் தனி வலைகள் ஒரே வடத்தில் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுவதற்கு இந்த முறையே வழிசெய்கிறது.

இரு வலைகள் சேர்ந்தால் லேபிள் எண்கள் மோதிக்கொள்ளும் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த அச்சம் தேவையில்லை. லேபிள் எண் அந்தந்த ரூட்டரின் எல்லைக்குள் மட்டுமே பொருளுடையது. உண்மையான சிக்கல்கள் வேறு. இரு நிறுவனங்களும் தங்கள் உள்வலையில் ஒரே தனி முகவரிகளைப் பயன்படுத்தியிருக்கலாம். வாடிக்கையாளர் வலைகளைப் பிரித்துக் காட்டும் அடையாள எண்கள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொரு லேபிளும் பொதியின் அளவை 4 பைட் கூட்டுகிறது. ஒரு பக்கத்துக் கருவி 1500 பைட்டுக்கு மேல் ஏற்காவிட்டால், சிறிய செய்தி போகும், பெரிய கோப்பு நின்றுவிடும். இ-சேவை மையத்தில் இணையப் பக்கம் திறக்கும், சான்றிதழை மட்டும் பதிவேற்ற முடியாது. பரிசோதிக்கும் பொறியாளருக்கோ எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

விழுப்புரம் சந்திப்பு தரும் பாடம்

இதை விளங்கிக்கொள்ள விழுப்புரம் மக்களுக்குப் பழக்கமான உவமை ஒன்று உண்டு. அகலப்பாதை வந்த பிறகும் மயிலாடுதுறை, காட்பாடி மார்க்கங்கள் 2010 வாக்கில் மாற்றப்படும் வரை மீட்டர் பாதையிலேயே கிடந்தன. இரண்டும் ஒரே ரயில்வேயின் சொத்து, ஒரே நிலையத்தில் சந்தித்தன. ஆயினும் 1000 மி.மீ. பாதையில் வந்த வண்டி 1676 மி.மீ. பாதையில் ஏற முடியாது. பயணிதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டும். உரிமையாளர் ஒருவராக இருந்தது பயணிக்கு உதவவில்லை.

எம்.பி.எல்.எஸ். வலைகளுக்கும் இதே படிநிலைகள் உண்டு. 2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4364 மூன்று வழிகளைச் சொல்கிறது. முதல் வழியில் எல்லை ரூட்டர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளர் வலையையும் தனித்தனியே கைமாற்றுகின்றன. இது வண்டி மாறுவதைப் போன்றது. பாதுகாப்பானது, ஆனால் வாடிக்கையாளர் பெருகினால் தாங்காது. இரண்டாம் வழியில் எல்லை ரூட்டர்கள் வழித்தகவலையும் லேபிளையும் சேர்த்தே பரிமாறுகின்றன. மூன்றாம் வழியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை லேபிள் பாதை தடையின்றி ஓடுகிறது. அதற்கு இரு தரப்பும் ஒன்றையொன்று முழுமையாக நம்ப வேண்டும்.  எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை 12.50 லட்சம் கி.மீ. என்ற எண் சொல்வதில்லை.

நீளம் கூடியும் வழி கூடாத நிலை

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்களும் 688 ஊராட்சிகளும் உள்ளன. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தூரம் சுமார் 40 கி.மீ. நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் விக்கிரவாண்டி வழியாக ஏறத்தாழ ஒட்டியே செல்கின்றன. சாலையோரம் ஒரு நிறுவனத்தின் வடமும் தண்டவாளத்தோரம் இன்னொன்றின் வடமும் சென்றால், காகிதத்தில் அவை இரண்டு வழிகள். வெள்ளத்தின் முன் அவை ஒரே வழி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் நீர் உயர்ந்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூரில் தென்பெண்ணை வெள்ளத்தால் நெடுஞ்சாலைப் போக்குவரத்தும் தடைப்பட்டது. அத்தகைய நாளில் நிவாரண முகாமுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே ஒருங்கிணைப்பின் தேர்வு.

பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு வடம் பெரும்பாலும் நேர்க்கோட்டில் சென்றது. நடுவில் பொக்லைன் ஒருமுறை வெட்டினால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் இருளில். இக்குறையை அரசே உணர்ந்தது என்பதைப் பாராட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற, ரூ.1,39,579 கோடி மதிப்பிலான திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், வளைய அமைப்பையும் எம்.பி.எல்.எஸ். ரூட்டர்களையும் முன்வைக்கிறது. வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே தரவு போகும்.

ஆனால் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு வடம் கொண்டுசெல்லும் பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. தண்டவாளத்தோர வடமோ ரயில்டெல்லிடம். ஆக மத்திய நிறுவனங்கள் இரண்டு ஒன்றாவதால் மட்டும் விழுப்புரத்தில் வலை ஒன்றாகிவிடாது. திண்டிவனம் – செஞ்சி – விழுப்புரம் என மேற்கே ஒரு பாதையும், திண்டிவனம் – புதுச்சேரி – விழுப்புரம் எனக் கிழக்கே ஒரு பாதையும் சாலை வழியே ஏற்கெனவே உண்டு. யாருடைய வடமானாலும் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக இயங்கினால்தான் வளையம் உண்மையானது.

அளவுகோல் மாற வேண்டும்

இனி வரும் அறிக்கைகளில் கிலோமீட்டர் கணக்குடன் வேறு மூன்று கணக்குகளும் வர வேண்டும். எத்தனை ஊராட்சிகளுக்கு வெவ்வேறு தரைவழியில் வரும் இரண்டு பாதைகள் உள்ளன? ஒரு பாதையை வேண்டுமென்றே துண்டித்து நடத்திய சோதனையில் எத்தனை தேறின? வடம் அறுந்தால் சீராக எத்தனை மணி நேரம் ஆகிறது? இவற்றை ஒன்றியவாரியாக வெளியிட்டால், மரக்காணத்தில் இருப்பவரும் மேல்மலையனூரில் இருப்பவரும் தம் ஊர் எங்கே நிற்கிறது என்பதைத் தாமே அறிந்துகொள்ளலாம்.