அலுமினியமும் அல்சைமரும்: "தொடர்பு" என்ற ஒரு சொல் செய்யும் வேலை

2018-ல் என் பெரியம்மாவுக்கு அல்சைமராக இருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னதும் அந்த வீட்டில் நடந்த முதல் காரியம், சமையலறையில் இருந்த இண்டாலியம் சட்டி, இட்லிக் குண்டான், பழைய குக்கர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டதுதான். சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். அதோடு விடாமல் வீட்டுக்கே வந்து, "நாப்பது வருஷமா அந்தச் சட்டியிலேயே புளிக்குழம்பு வெச்சா வேற என்ன ஆகும்?" என்றும் கேட்டுட்டுப் போனார். பெரியம்மாவின் மகள், எங்க அக்கா, அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை. சட்டியை வாங்கினது அவங்கதான்.

அந்தக் கட்டுரையும் அதே மாதிரியான இன்னும் பலவும் என்னிடம் சேர்ந்திருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அவை சுட்டுகிற மூல ஆய்வுகளைத் தேடிப் படிக்க முடியும், படித்தேன். ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு செங்கல்லும் அசல்தான், கட்டின சுவர்தான் கோணல்.

கோணல் எங்கே வருகிறது என்றால், "தொடர்பு" என்ற சொல்லில். "அலுமினியத்துக்கும் அல்சைமருக்கும் தொடர்பு உண்டா?" என்பது ஒரு கேள்வி மாதிரி தெரிகிறது. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அலுமினியம் மூளைக்கு நஞ்சா? அல்சைமர் நோயாளியின் மூளையில் அது கூடுதலாக இருக்கிறதா? நாம் சாப்பிடுகிற, குடிக்கிற அளவு அலுமினியம் அந்த நோயைக் கொண்டுவருகிறதா? முதல் கேள்விக்குக் கிடைத்த "ஆமாம்" என்ற பதிலை எடுத்து மூன்றாவது கேள்விக்கு ஒட்டுவதுதான் இந்தக் கட்டுரைகளின் வேலை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: நஞ்சா?

ஆமாம். இதில் சந்தேகமே வேண்டாம். 1965-ல் கிளாட்ஸோ, விஸ்னியெவ்ஸ்கி, ஸ்ட்ரைக்கர் என்ற மூவர் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தினார்கள். நரம்பணுக்களுக்குள் இழைகள் திரண்டன. பார்வைக்கு அல்சைமர் முடிச்சுகளைப் போலவே இருந்தன. கதை தொடங்கியது இங்கேதான்.

அடுத்தது மனிதர்கள். 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த சிறுநீரக நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறி, வலிப்பு வந்து, புத்தி தடுமாறி, பலர் இறந்தும் போனார்கள். 1976-ல் டென்வரைச் சேர்ந்த ஆல்ஃப்ரி குழு இதற்கு அலுமினியம் காரணமாக இருக்கலாம் என்று எழுதியது. ஒரு முறை டயாலிசிஸ் செய்தால் சுமார் 120 லிட்டர் தண்ணீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம், ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. குடல் என்ற காவல்காரன் நடுவில் இல்லை. உள்ளே போனதை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. போதாததற்கு, பாஸ்பேட்டைக் குறைக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு மருந்தும் கொடுத்துவந்தார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்க ஆரம்பித்ததும் இந்த நோய் பெரும்பாலும் ஒழிந்தது. காரணத்தை எடுத்ததும் விளைவு போச்சு. பழுது தேடுகிற வேலையில் இருக்கிற எவனுக்கும் இதைவிட நல்ல நிரூபணம் வேண்டாம்.

ஆனால் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த டயாலிசிஸ் நோய் அல்சைமர் இல்லை. அல்சைமரை அடையாளம் காட்டுகிற அமிலாய்டு திட்டுகளும் டௌ புரத முடிச்சுகளும் அந்த மூளைகளின் அடையாளமாக இல்லை. முயல் விஷயமும் அப்படித்தான். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது முயலின் இழைகள் நேரானவை, அல்சைமர் முடிச்சில் இருப்பவை இரட்டையாக முறுக்கிக்கொண்டவை. இரண்டும் ஒரே பொருள் இல்லை.

எதிர்ப்பக்கம் எழுதுகிறவர்களையும் இங்கே கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "அலுமினிய பயம் சுத்தப் புரளி" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் டயாலிசிஸ் வரலாற்றை மறைக்கிறார்கள். வாசகர் அதை வேறு இடத்தில் கண்டுபிடிக்கும்போது, இவர் சொன்ன மற்றதையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்.

இரண்டாவது கேள்வி: மூளையில் இருக்கிறதா?

1973-ல் டொரண்டோவின் கிராப்பர் குழு, அல்சைமர் மூளைகளின் சில பகுதிகளில் அலுமினியம் கூடுதல் என்று சயின்ஸ் இதழில் எழுதியது. 1979-ல் இன்னொரு குழு, அதே வயதுக்காரர்களின் மூளையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்றது. அந்த இரண்டாவது குழுவில் இருந்தவர்களில் ஒருவர், முயல் ஆய்வு செய்த அதே விஸ்னியெவ்ஸ்கி. தான் தொடங்கிவைத்த கதையைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். எந்தக் கட்டுரையிலும் இந்த மனிதரின் இரண்டாம் பாதி வருவதில்லை.

1980-ல் பெர்ல், பிராடி இருவரும் முடிச்சு விழுந்த நரம்பணுக்களில் அலுமினியத்தைக் கண்டார்கள். 1986-ல் நியூகாசில் குழு அமிலாய்டு திட்டுகளின் நடுவில் கண்டது. 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் லாண்ட்ஸ்பெர்க் குழு வேதிப்பொருள் எதுவும் சேர்க்காத திசுவைப் புரோட்டான் கற்றையால் சோதித்தது. திட்டுகளின் நடுவில் அலுமினியம் இல்லை என்று நேச்சர் இதழில் எழுதியது. முந்தைய ஆய்வுகளில் தெரிந்த அலுமினியம், திசுவைப் பதப்படுத்தப் பயன்பட்ட கரைசல்களில் இருந்தே வந்திருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது.

இது சாக்குப்போக்கு இல்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். தூசியில் இருக்கிறது, கண்ணாடியில் இருக்கிறது. ஒரு கிராம் மூளையில் மைக்ரோகிராம் கணக்கில் அளக்கும்போது, அளக்கிற கருவியும் மேஜையுமே தங்கள் பங்கைச் சேர்த்துவிடும்.

இந்தக் கருதுகோளை இன்றும் உறுதியாகப் பிடித்திருப்பவர் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ்டோஃபர் எக்ஸ்லி. 2017-ல் அவர் குழு, குடும்ப வழி அல்சைமர் வந்த 12 பேரின் மூளையில் அதிக அலுமினியம் இருப்பதாக எழுதியது. அந்தக் கட்டுரையில் நோயில்லாதவர்களின் ஒப்பீட்டுக் குழு இல்லை. 2020-ல் நோயில்லாத 20 பேரை அளந்து ஒப்பிட்டார்கள், வித்தியாசம் பெரிதாகவே தெரிந்தது. அக்கறையோடு அளந்த வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை கைவிரல் கணக்கு. அதோடு, இறந்தபின் அளக்கிற எந்த ஆய்வாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது: உலோகம் வந்ததால் மூளை சிதைந்ததா, சிதைந்த மூளையில் உலோகம் தங்கியதா? ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே தண்ணீர் நிற்கும். தண்ணீர்தான் ஓட்டையைப் போட்டது என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது கேள்வி: நம் வாயில் போகிற அளவு போதுமா?

இங்கேதான் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு வருகிறது. 1989, லான்செட் இதழ், மார்ட்டின் குழு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 88 மாவட்டங்கள். குடிநீரைத் தெளியவைக்க அலுமினியம் சல்ஃபேட், நம்ம படிகாரத்தின் உறவுக்காரன், போடுகிறார்கள். லிட்டருக்கு 0.11 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருந்த மாவட்டங்களில், 0.01-க்குக் கீழே இருந்த மாவட்டங்களைவிட அல்சைமர் 1.5 மடங்கு.

நோயாளிகளை எப்படி எண்ணினார்கள்? அந்தப் பகுதிகளின் சி.டி. ஸ்கேன் மையப் பதிவேடுகளை வைத்து. ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவர்தான் கணக்கில் வருவார். நோய் வந்த மனிதர் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பது யாருக்கும் தெரியாது, மாவட்டத்தின் சராசரிதான் தெரியும். அதே மார்ட்டின் 1997-ல் தனித்தனி நோயாளிகளின் குடிநீர் வரலாற்றை எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. முதல் ஆய்வு கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது. இரண்டாவதைக் காணோம்.

எதிர்ச்சான்றை நானும் மறைக்கக் கூடாது. 2000-ல் வெளியான பிரான்ஸ் நாட்டு பாக்விட் ஆய்வு 65 வயது தாண்டிய 3,777 பேரை 8 வருஷம் தொடர்ந்தது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள தண்ணீர் கிடைத்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றது. இது நல்ல ஆய்வு, ஒதுக்க முடியாது. ஆனால் அந்த அளவுத் தண்ணீர் குடித்தவர்கள் மொத்தத்தில் சிறு பகுதிதான். கணக்கும் போட்டுப் பாருங்கள். 0.1 மில்லிகிராம் தண்ணீரை 2 லிட்டர் குடித்தால் 0.2 மில்லிகிராம். சாப்பாட்டில் ஒரு நாளைக்குப் பல மில்லிகிராம் உள்ளே போகிறது. உள்ளே போவதில் குடல் உறிஞ்சுவது சுமார் 0.1 முதல் 0.3 சதவீதம், மீதி அப்படியே வெளியே. தண்ணீரில் இருப்பது கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சப்படும் என்று வைத்துக்கொண்டாலும், அமிலத்தன்மைக்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல் குடிப்பவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் விழுங்குகிறார். அலுமினியம்தான் குற்றவாளி என்றால் வருஷக்கணக்காக அந்த ஜெல் குடித்தவர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களைத் தேடிய ஆய்வுகளில் அப்படி ஒரு வரிசை உறுதியாகக் கிடைக்கவில்லை.

நானே கிட்டத்தட்ட விழுந்த குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் வெளியான இந்தோ-அமெரிக்க ஆய்வின்படி, ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 65 தாண்டியவர்களிடம் புதிதாக அல்சைமர் வருவது வருஷத்துக்கு 1,000 பேரில் 4.7. அமெரிக்காவின் மோனோங்கஹேலா பள்ளத்தாக்கில் 17.5. "அலுமினியச் சட்டியில் சமைக்கிற ஊரில் நோய் குறைவு, ஆக அலுமினியம் குற்றமற்றது!" என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, பிறகு அழித்தேன். ஊர்ச் சராசரியை வைத்துத் தனிமனிதக் காரணத்தைச் சொல்வதுதானே 1989 ஆய்வில் நான் கண்ட குறை? கிராமங்களில் ஆயுள் குறைவு, நோயைக் கவனிப்பது குறைவு, பின்தொடர்ந்த காலம் குறைவு. எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காகத் தராசை மாற்றக் கூடாது.

ஆக, என் மதிப்பீடு: முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்கு முடிவாகவில்லை. மூன்றாவதற்கு, சட்டியைப் பொறுத்தவரை, நம்பும்படியான சான்று இல்லை.

பயம் தப்பான இடத்தில் நிற்பதன் விலை

"சான்று இல்லாவிட்டால் என்ன, சட்டியை மாற்றுவதில் நஷ்டமா?" என்று கேட்கலாம். நஷ்டம் இரண்டு.

ஒன்று, சட்டியில் பார்க்க வேண்டிய விஷயத்தைப் பார்க்காமல் விடுகிறோம். 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியதில் இருந்து இந்த உலோகம் நம் அடுப்பில் இருக்கிறது. இப்போதைய பிரச்சினை, பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும் பாத்திரங்களில் கலந்திருக்கக்கூடிய ஈயம். 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று 10 வளரும் நாடுகளின் 42 அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்தது. சமைப்பது மாதிரி அமிலத்தில் சூடாக்கியபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு பரிமாறலுக்கு 1 மைக்ரோகிராமோ அதற்கு அதிகமோ ஈயத்தை வெளியிட்டன. 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இண்டாலியம் என்ற பெயரையே குறிப்பிட்டு எச்சரித்தது. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு என்பதில் எந்த விவாதமும் இல்லை. பாட்டியின் மறதிக்காகச் சட்டியைத் தூக்கிப் போடுகிறோம். பேரனுக்காக அது எங்கே வார்த்தது, எதில் வார்த்தது என்று கேட்பதில்லை.

இரண்டாவது நஷ்டம் எங்கள் வீட்டுக் கதை. மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை, படிப்பின்மை, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு இப்படிப் போகிறது. அலுமினியம் அதில் இல்லை. அதிக எடை பெற்ற இரண்டில் ஒன்று காது கேளாமை. 2017-ல் வந்த முதல் அறிக்கையிலேயே காது இருந்தது.

பெரியம்மாவுக்கு அறுபது வயதிலேயே காது மந்தம். "வயசானா அப்படித்தான்" என்று விட்டிருந்தோம். சட்டிகளை ஒரே நாளில் மாற்றின குடும்பம், காது மெஷின் வாங்க 2021 வரை தள்ளிப்போட்டது. முன்னாடியே வாங்கியிருந்தால் நோய் வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் அதே தராசுதான்: 2023-ல் 977 முதியவர்களிடம் நடந்த அச்சீவ் சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை, ஆபத்து அதிகம் உள்ள ஒரு பிரிவினரிடம் மட்டுமே சரிவு மெதுவானது. ஆனால் மெஷின் வந்த பிறகு பெரியம்மா திண்ணையில் நடக்கும் பேச்சுக்குத் திரும்பிப் பார்த்தார். அந்த மூன்று வருஷம் அவர் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதி முடித்ததும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கிளாட்ஸோ, மார்ட்டின் எல்லாம் அவங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. "அப்ப சட்டி இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டாங்க. "சட்டின்னு சொல்றதுக்குச் சான்று இல்லக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அவருக்கும் அனுப்பு" என்றாங்க.

அனுப்பிவிட்டேன்.