சௌரான் வென்றிருந்தால்

ஜே. ஆர். ஆர். டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் (1954–55) இருளின் அதிபதி சௌரான் தோற்றுப்போகிறான். வென்றிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்பதற்கும் அதே நாவலில் விடை உண்டு. நடக்காத ஒரு வெற்றிக்கு இத்தனை தடயங்களை விட்டுவைத்த கதாசிரியர் அபூர்வம்.

அவற்றில் மிக அழகானது சௌரானின் நாடான மோர்டோரின் கருங்கதவுக்கு முன் நடக்கும் பேச்சு. ‘சௌரானின் வாய்’ என்ற பெயரிலேயே அறியப்படும் தூதுவன் எதிரணித் தலைவர்களிடம் நிபந்தனைகளைச் சொல்கிறான். ஆண்டுயின் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலமெல்லாம் என்றைக்கும் சௌரானுக்கே. மேற்கே பனிமூட்ட மலைகள்வரை வாழ்பவர்கள் கப்பம் கட்ட வேண்டும், ஆயுதம் ஏந்தக் கூடாது. இடிந்த ஐசன்கார்ட் கோட்டையை அவர்களே திரும்பக் கட்டித்தர வேண்டும். அங்கே சௌரானின் பிரதிநிதி குடியேறுவான். உள்விவகாரங்களை மட்டும் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் தீ வைப்பும் இல்லை, படுகொலையும் இல்லை. எல்லையும் வரியும் நியமனமும்தான் இருக்கின்றன. அதனாலேயே அது நடுங்க வைக்கிறது. அந்தப் பிரதிநிதி பதவி தனக்கே என்ற ஆசை தூதுவனின் கண்ணில் தெரிந்துவிடுகிறது. சலுகையாகச் சொன்ன சுயாட்சி அந்தக் கணமே பொய்யாகிவிடுகிறது. டோல்கினின் கைத்திறனுக்கு இந்த ஒரு பார்வை போதும்.

ஆட்சி எப்படி நடக்கும் என்பதற்கு நூர்னன் ஏரிக்கரை வயல்கள் சாட்சி. மோர்டோரின் படைக்குச் சோறு போடும் அந்த மண்ணில் உழைப்பவர்கள் அடிமைகள்.

அவனுடைய முந்தைய வெற்றிகளும் ஆளும் இந்த ஆசையையே காட்டுகின்றன. எல்ஃப்களின் நாடான எரேகியனை வீழ்த்திய சௌரான், மந்திர மோதிரங்கள் செய்த கெலெப்ரிம்போரைச் சித்திரவதை செய்தது அவை இருக்குமிடத்தை அறிய. கைக்கு வந்தவற்றைக் குள்ளர்களுக்கும் மனிதர்களுக்கும் பங்கிட்டது அவர்களை வசப்படுத்த. அவனுடைய பழைய எசமானன் மோர்காத் அப்படிப்பட்டவன் அல்ல. ‘தி சில்மரில்லியன்’ (1977) காட்டும் மோர்காத், பெரும்போரில் வென்றதும் பிணங்களை மலையாகக் குவிக்கிறான். சிறைப்பட்ட மனித வீரன் ஹூரினை உச்சிப் பாறையில் உட்காரவைத்து, அவன் குடும்பம் அழிவதை 28 ஆண்டுகள் பார்க்கவைக்கிறான். தனக்காகப் போரிட்ட கிழக்கத்தியர்களுக்கு வாக்களித்த வளமான நிலத்தையும் கொடுக்கவில்லை. மோர்காத்துக்கு வெற்றி என்பது அழிவு. சௌரானுக்கு அது ஒழுங்கு. இரண்டு தீமைகளை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது எளிதல்ல.

அந்த ஒழுங்கின் உச்சியில் வழிபாடு இருக்கும். சௌரான் கடவுளரசனாக விரும்பினான், பகுத்தறிவுள்ள எல்லா உயிர்களிடமும் தெய்வ மரியாதை கேட்டிருப்பான் என்று டோல்கினே 1956-இல் எழுதிய குறிப்பொன்றில் சொல்கிறார்.

அவனுடைய சொந்தப் படைக்கும் இதில் விடுதலை கிடையாது. அந்தப் படையின் ஓர்க் இனத் தலைவர்களான கோர்பாக், ஷாக்ராட் இருவரும் பேசிக்கொள்வதை, நாவலின் நாயகர்களில் ஒருவனான சாம் ஒளிந்திருந்து கேட்கிறான். போர் முடிந்ததும் நம்பிக்கையான சிலரோடு நழுவி, மேலதிகாரிகள் இல்லாத இடத்தில் கொள்ளையடித்துப் பிழைக்கலாம் என்பது கோர்பாக்கின் கனவு. சௌரான் வென்ற உலகில் அப்படியோர் இடம் இருக்காது.