வீணையின் வலது கை: வட சென்னை மரபை முன்வைத்து

வீணை வாசிப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இடது கையைப் பற்றியவை. கமகம் எப்படிப் பிடிக்கப்பட்டது, தந்தி எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது, ராகம் எப்படி விரிந்தது என்று பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். வலது கைக்குக் கிடைப்பது 'மீட்டினார்' என்ற ஒரு சொல். ஆனால் ஒரு பாணியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் வலது கைக்குப் பெரும்பங்கு உண்டு. எந்த விரலால், நகத்தாலா கம்பி வளையத்தாலா, ஒரு வரிக்கு எத்தனை முறை என்பவற்றைக் கவனிக்காமல் பாணி பற்றிப் பேச முடியாது.

முதலில் கருவி. பலா மரத்தில் குடைந்த குடம், தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிப்புக்கு நான்கு தந்திகள், பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள். குதிரையின் மேல் லேசாக வளைந்த உலோகத் தகடு ஒன்று உண்டு. தந்தி அதை உரசி அதிர்வதால்தான் வீணைக்கு அந்த இழையும் நாதம் வருகிறது. ஒரு முறை மீட்டினால் ஒலி சில நொடிகள் நிற்கும். அந்த நொடிகளுக்குள் இடது விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேலும் சில சுரங்களை எடுக்கலாம். ஒலி அணைவதற்குள் அடுத்த மீட்டு வர வேண்டும்; சீக்கிரம் வந்தால் கமகம் அறுபடும். வீணைக்காரரின் முடிவுகளெல்லாம் இந்தச் சின்ன இடைவெளியில் எடுக்கப்படுபவை.

அமெரிக்க பாஞ்சோவை இதனருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல்தான் அதன் முகம். ஒலி பளிச்சென்று எழுந்து உடனே அணைந்துவிடும். வட கரோலினாவின் நூலாலை ஒன்றில் வேலை பார்த்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், 1945-இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து புகழ்பெறச் செய்த மூன்று விரல் முறை இந்தக் குறைக்குப் பொருத்தமான விடை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மாறி மாறி ஓயாமல் மீட்டுவதால் அணையும் ஒலியின் இடத்தை அடுத்த ஒலி நிரப்பிவிடுகிறது. 'புளூகிராஸ்' என்றதும் காதில் விழுவது அந்தப் பொழிவுதான். பாஞ்சோவின் ஐந்தாவது குட்டைத் தந்தியைக் கட்டைவிரல் சுருதிபோல் தட்டிக்கொண்டே இருக்கும். நம் வீணையில் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மேல்நோக்கித் தட்டுகிறது. சுருதித் தந்தியை ஒதுக்குப்புறமாக வைத்து அதற்கென ஒரு விரலை ஒதுக்கும் யோசனை இரண்டிலும் ஒன்றே. மற்றபடி நேர் எதிர்: பாஞ்சோ மீட்டிக்கொண்டே இருக்க வேண்டிய கருவி, வீணை எப்போது மீட்டாமல் இருப்பது என்று தெரிந்திருக்க வேண்டிய கருவி.

குப்பய்யரின் வர்ணங்கள்

இன்று திருவொற்றியூர் என்றால் தொழிற்சாலைகளும் எண்ணூர் நோக்கி வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வீணைக்காரரின் ஊர். தியாகராஜரின் சீடரான வீணை குப்பய்யர் (1798–1860) அங்கே வாழ்ந்தார். தியாகராஜரும் அவ்வூர் அம்மன் திரிபுரசுந்தரி மீது ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். குப்பய்யரின் படைப்புகளை அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900-இல் 'பல்லவி ஸ்வர கல்பவல்லி' நூலில் அச்சேற்றினார்.

குப்பய்யரின் கை எப்படி ஒலித்தது என்பதற்கு ஒலிப்பதிவு கிடையாது. வர்ணங்கள் இருக்கின்றன. பேகடாவில் 'இந்த சலமு', நாராயணகௌளையில் 'மகுவ நின்னே' இரண்டும் இன்றும் பாடத்தில் உள்ளவை. வர்ணத்தில் சொற்கள் குறைவு, ஓர் அசை பல சுரங்களுக்கு நீளும். சாகித்திய அசைக்கு ஒரு மீட்டு என்ற வழக்கத்தை அப்படியே பின்பற்றினால் பாதி வழியில் ஒலி அணைந்துவிடும். சுரத்துக்கு ஒரு மீட்டு என்று போனால் பேகடாவின் நிஷாதம் தட்டச்சு அடித்ததுபோல் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே இன்னொரு மீட்டு வைப்பது என்பதை வர்ணமே கேட்கிறது. இவை வீணைக்காரர் கைப்பட்ட வர்ணங்கள் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். மாணவர்கள் இவற்றை விரல் பழகும் பயிற்சியாக மட்டும் ஓட்டிவிடுவது பெரிய இழப்பு.

தனம்மாளின் நகம்

திருவொற்றியூருக்குத் தெற்கே, ராயபுரத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நடந்த கச்சேரிகள் புகழ்பெற்றவை. மிருதங்கம் கிடையாது. கம்பி வளையம் அணியாமல் நகத்தால் மீட்டி, கூடவே மெல்லப் பாடுவார். எஞ்சியிருக்கும் சில இசைத்தட்டுகள் 1930-களைச் சேர்ந்தவை. இரைச்சலைத் தாண்டிக் கேட்டால் ஒன்று புரியும்: மீட்டின் அடி கேட்பதில்லை, நாதம் மட்டும் எழுகிறது. அடுத்த மீட்டு எப்போது விழுந்தது என்று சொல்வதே சில இடங்களில் கடினம். குரல் மூச்சு வாங்கும் இடத்தில் மீட்டு விழுகிறது. வீணை பாடுகிறது என்று நாம் தேய்ந்த பாராட்டாகச் சொல்வது இங்கே வலது கையின் நுட்பமாகவே நிகழ்கிறது.

பின்னால் வந்தவர்கள் வேறு வழிகளில் போனார்கள். மைசூர் துரைசாமி ஐயங்கார் மீட்டுகளைக் கூட்டி, சுரங்களை முத்துமுத்தாகத் தெளிவாக்கினார். எஸ். பாலசந்தர் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து ராகத்தின் பெரும் வளைவுகளையே வரைந்தார். சிட்டிபாபு ஒலியின் அழகையே முன்னிறுத்தினார். கே. எஸ். நாராயணசாமியிடம் சாகித்தியத்துக்கு அடங்கிய மீட்டு கடைசிவரை நின்றது. இவர்களில் யார் உயர்ந்தவர் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நான்கு பேரின் வலது கையும் நான்கு தீர்மானங்கள், அவ்வளவே.

என் புகார் ஒலிபெருக்கத்தைப் பற்றியது. வீணையின் மேற்பலகையில் ஒட்டும் மைக் பலகையின் அதிர்வை நேராக எடுக்கிறது. குடத்திலிருந்து காற்றில் எழும் நாதம் அதில் பின்னுக்குப் போய்விடுகிறது. மெட்டில் விரல் உரசும் சத்தம் பெரிதாகிறது, தாளத் தந்தி தகரம்போல் அடிக்கிறது. அதைவிட முக்கியம், அணையும் ஒலியின் வாலும் பெருக்கப்படுவதால் அடுத்த மீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே குறைகிறது. ஒலி அணைந்துவிடுமோ என்ற பதற்றம்தான் வலது கையைச் சிந்திக்க வைத்தது. பதற்றம் போனதும் இழுப்புகள் நீண்டன, மீட்டு சோம்பேறியானது.

பெரிய அரங்கில் வேறு வழியில்லை என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். வீணை இயல்பிலேயே சிறிய குரல் கொண்டது. ஆயிரம் பேர் அமர்ந்த மண்டபத்தில் நகத்தால் மீட்டினால் மூன்றாம் வரிசைக்கு மேல் போகாது. ஆனால் இன்றைய மாணவர் வீணையை அதிகம் கேட்பது அரங்கில் அல்ல, கைபேசியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு. தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கூடத்தை விட அது நெருக்கமான இடம். அங்கே சத்தம் வேண்டியதில்லை. குடத்துக்கு ஒரு முழ தூரத்தில் சாதாரண மைக் ஒன்றை நிறுத்திப் பதிவு செய்தால் போதும். அப்படி வரும் பதிவுகள் இன்னும் மிகக் குறைவு. பலகை மைக்கின் ஒலியை வீணையின் ஒலி என்றே நம்பி ஒரு தலைமுறை கற்றுக்கொண்டிருக்கிறது. தன் வீணை ஏன் அப்படி ஒலிக்கவில்லை என்று புதுத் தந்தியும் தடித்த வளையமும் வாங்குகிறது.