முகம் காணா விருந்து

உணவைப் பாடும் தமிழ்ப் பாடல்கள் பல, முகத்தையும் உடன் பாடுகின்றன. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி, தயிரைத் தன் மெல்விரலால் பிசைந்து, தாளிப்பின் புகை படிந்த கண்களோடு தானே சமைத்ததைக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் இனிதென உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. திருவள்ளுவரும் விருந்தோம்பலைப் பேசுமிடத்து, முகம் மாறி நோக்கிய அளவிலேயே விருந்தினர் உள்ளம் வாடும் என்கிறார். ஊட்டுபவரும் உண்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதே விருந்தின் உயிர். அவ்வாறாயின், இடையே கடல் கிடக்கும்போது அவ்வன்பு எவ்வடிவம் கொள்ளும்? புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தைத் திறனாய்வோர் கேட்க வேண்டிய வினா இது.

இவ்வினாவின் கூர்மையை முதலில் உணர்த்தியவர் சீத்தலைச் சாத்தனார் எனலாம். மணிமேகலையில் ஆபுத்திரன், மழையின்றிச் சாவக நாட்டு மக்கள் மடிகின்றனர் எனக் கேட்டு, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியுடன் கப்பலேறுகிறான். இடையே மணிபல்லவத்தில் அவன் இறங்க, அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் இரவில் புறப்பட்டுவிடுகிறது. ஆளற்ற தீவில் பாத்திரம் இருக்கிறது. உண்ணும் வாய் இல்லை. தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ விரும்பாத அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறக்கிறான். குறையாத உணவையும் தொலைவு தோற்கடிக்கும் என்பதே இக்காட்சி தரும் செய்தி. இதனை அறக்கதையாக மட்டும் பயிற்றுவிப்பது இதன் துயரத்தில் பாதியை மறைத்துவிடும்.

பினாங்குத் தமிழரின் வாழ்வு இத்துயரத்தை நன்கறியும். கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்தும் இராமநாதபுரக் கடற்கரையிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள், ஜார்ஜ் டவுன் தெருக்களிலும் துறைமுகப் பகுதியிலும் சோறும் குழம்பும் தோளில் சுமந்து விற்றனர். ‘நாசி’ என்பது சோறு. ‘கண்டார்’ என்பது இருபுறமும் சுமை தொங்கும் தோள்தடி. இன்று உலகறிந்த நாசி கண்டாரின் தோற்றம் இதுவே. முகம் தெரிந்த அயலாருக்குச் சோறிட்டு, முகம் காணமுடியாத தம் மக்களுக்குச் சோறு தேடியவர்கள் இவர்கள். காவடியில் சுமந்த சோறு காசாகி, மணியார்டராகி, ஊரில் மீண்டும் உலையரிசியாயிற்று. தோட்டப்புறத்துப் பால்மரத்தை எழுதிய அளவுக்கு இக்காவடியை நம் இலக்கியம் எழுதவில்லை.

பணத்தோடு பண்டமும் சென்றது. 1926இல் நீரில் இறக்கப்பட்ட ‘ரஜூலா’ கப்பலும், அதன்பின் வந்த ‘சிதம்பர’மும் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்தன. இங்கிருந்து பிஸ்கட் டின்னும் மைலோவும் சாதிக்காயும் சென்றன. அங்கிருந்து வற்றலும் வடகமும் ஊறுகாயும் கருவாடும் வந்தன. வெயிலும் உப்பும் எண்ணெயும் காத்த உணவே கடலைக் கடந்தது, தயிர்ச்சோறு கடக்கவில்லை. தாய் அனுப்பிய ஊறுகாயில் அவள் கைப்பக்குவம் இருந்தது. மகன் அனுப்பிய பிஸ்கட் டின்னில் அவன் கடையில் செலவிட்ட காசு மட்டுமே இருந்தது. இவ்வேற்றுமையைக் காண்பது திறனாய்வின் கடமை. மேலும், அனுப்பிய டின் அன்பைச் சொல்லியது போலவே அனுப்பியவனின் அரைவயிற்றை மறைக்கவும் செய்தது. அன்பும் மறைப்பும் ஒரே பொட்டலத்தில் கட்டப்பட்டிருந்தன.

இந்நோக்கில் ப. சிங்காரத்தின் இரு நாவல்களும் மறுவாசிப்புக்குரியன. பினாங்கைக் களமாகக் கொண்ட ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலில், படையிலிருந்து மீண்ட செல்லையா வட்டித் தொழிலுக்கு இனி உதவான் என்று கணித்து, வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். அன்பு, கணக்கேட்டின் முன் தோற்கிறது. ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவலின் பாண்டியனோ, சின்னமங்கலத்துச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் நினைவில் உண்டு வாழ்பவன். ஊர் திரும்பாமலே மடிபவன். அயலகத்து ஆடவனின் நினைவுப்பசியைச் சிங்காரத்தைப் போல் எழுதியவர் அரியர். எனினும், ஊரில் பொட்டலத்தைப் பிரிக்கும் கைகளும், அதனைப் பங்கிடும் அடுக்களையும் அவர் பார்வைக்குள் மிகுதியாக வரவில்லை. இது அவர் கலையின் குறையன்று. அவருக்குப் பின் எழுதுவோர்க்கு எஞ்சிய இடம்.

அந்த இடத்தின் பரப்பை அண்டை நாட்டார் வாழ்வும் காட்டுகிறது. 1973இல் பிலிப்பீன்ஸ் அரசு, அயல்நாடுகளில் வாழும் தன் மக்களைத் தாயகம் வருமாறு அழைத்த திட்டத்திற்குப் ‘பாலிக்பாயன்’ என்று பெயரிட்டது. ‘பாலிக்’ என்னும் சொல் மலாய் அறிந்த நம் மாணவர்க்குப் புதிதன்று. அங்கும் அதற்குத் திரும்புதல் என்றே பொருள். காலப்போக்கில் அப்பெயர், உணவும் உடையும் நிரப்பி வீட்டுக்கு அனுப்பும் பெட்டிக்கும் ஆகிவந்தது. திரும்ப இயலாதவரின் பெட்டி திரும்புகிறது. மலேசிய வீடுகளில் பணிபுரியும் பிலிப்பீன்ஸ் தாய், பிறர் குழந்தைக்கு ஊட்டிவிட்டுத் தன் குழந்தைக்குப் பெட்டி கட்டுகிறாள். அவள் நிலையும் சோற்றுக் காவடி சுமந்தவர் நிலையும் வேறல்ல.

அயலகச் சீனர் பணத்துடன் தாயகத்துக்கு அனுப்பிய கடிதங்கள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. நம் பொட்டலங்களுக்கோ அத்தகைய ஏடு இல்லை. 1985இல் ‘சிதம்பரம்’ தீவிபத்துக்குள்ளானபின் கப்பல் போக்குவரத்தும் நின்றது. அதில் வந்தவர்கள் இன்று முதுமை எய்தியுள்ளனர். எந்த டின்னில் என்ன சென்றது, எந்தத் துணியில் எது கட்டி வந்தது என்பதை அவர்களே அறிவர். தமிழாசிரியர்கள் தம் மாணவரை அம்முதியோரிடம் அனுப்பிக் கேட்டெழுதச் செய்வது, ஒரு கட்டுரைப் பயிற்சி என்ற அளவில் நின்றுவிடாது. புலம்பெயர்ந்தோர் கதையைப் படிக்கும்போது எவ்வளவு ஈட்டினான் என்று கேட்கும் நாம், யார் சமைத்தார், யார் உண்டார், உண்ட முகத்தைக் காணாதவர் யார் என்றும் கேட்கப் பழகுவதற்கு அதுவே முதற்பாடமாகும்.