எழுதாமல் விட்ட நூல்

ஆட்சித் தலைவர்க்கு அருகிருந்தவர்கள் எழுதும் நினைவு நூல்களைப் படிப்பதில் ஓர் இன்பமும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. திரைக்குப் பின்னால் நிகழ்ந்ததைக் காண்கிறோம் என்பது இன்பம். திரையை விலக்கும் கை எதனை மறைத்துக்கொண்டு விலக்குகிறது என்பது புலனாகாமற் போவது இடர்ப்பாடு.

வள்ளுவர் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மன்னன் மறைவாகப் பேசுவதைத் துருவிக் கேளாதிருத்தலை அவ்வதிகாரம் அறிவுறுத்துகிறது. 'அமைச்சு' அதிகாரத்திலோ, தலைவன் கேளாதவனாயினும் உறுதியானவற்றை அவனிடம் எடுத்துரைப்பது உடனிருப்பவனின் கடமை என்கிறார். இவ்விரண்டும் மன்னனுக்கும் அவன் மருங்கிருப்பவனுக்கும் இடையிலான செய்திகள். மன்னன் மறைந்தபின் ஊராரிடம் உரைக்க வேண்டுவது யாது என்னும் வினா அங்கு எழவில்லை. அது செய்தித்தாள் தோன்றிய காலத்து வினா.

இவ்வினாவை எழுப்பிக்கொள்ளப் பெங்களூரில் வாழும் நமக்குத் தனியுரிமை உண்டு. இந்திரா காந்தி அம்மையாருக்கு 1966 முதல் 1977 வரையிலும், மீண்டும் 1980 முதல் 1984 வரையிலும் செய்தி ஆலோசகராக இருந்த எச்.ஒய்.சாரதா பிரசாத் இந்நகரில் 1924இல் பிறந்தவர். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் மாணவராகச் சிறை சென்றவர். நாளிதழ்ப் பணி பார்த்தவர். 'யோஜனா' இதழின் ஆசிரியராக விளங்கியவர். பிரதமரின் சொற்பொழிவுகள் பலவற்றுக்குப் பின்னால் இவருடைய பேனா இருந்தது என்பது தில்லி அறிந்த செய்தி. 2008இல் மறைந்த இவர் 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரைத் தொகுதிக்கு இட்ட பெயர்தான் வியப்புக்குரியது: 'நான் எழுதப் போகாத நூலும் பிற கட்டுரைகளும்' என்று அதனைத் தமிழாக்கலாம். எல்லோரும் எதிர்பார்த்த நூலை எழுத மாட்டேன் என்று அட்டையிலேயே அறிவித்த ஆசிரியர் இவர் ஒருவராகத்தான் இருக்கக்கூடும்!

இம்மறுப்பின் பொருளை உணர வேண்டுமானால், எழுதியவர்களைப் பார்க்க வேண்டும். நேருவின் தனி உதவியாளராக 1946 முதல் இருந்த எம்.ஓ.மத்தாய், தம் மீது எழுந்த குற்றச்சாட்டுகளை ஏடுகளும் நாடாளுமன்றமும் பேசியமையால் 1959இல் பதவி துறந்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், நேரு காலத்து நினைவுகளை நூலாக்கினார். அந்நூலில் 'அவள்' என்றோர் இயலின் தலைப்பு மட்டும் இருக்கிறது, உள்ளடக்கம் இல்லை. ஆசிரியர் அதனைக் கடைசி நேரத்தில் விலக்கிக்கொண்டார் என்பது பதிப்பாளர் குறிப்பு. எழுதியதை வெளியிடாமல், வெளியிடவில்லை என்பதை மட்டும் வெளியிடுதல் வஞ்சகமான கலை. எழுதியிருந்தால் மறுக்கலாம், வெற்றுத் தாளை எங்ஙனம் மறுப்பது? நேருவின் நாட்பணிகள், கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதுவிக்கும் முறை ஆகியவற்றைக் கூறும் பக்கங்களில் மத்தாய் நல்ல சாட்சியாகவே இருக்கிறார். பிறர் ஒழுக்கத்தைப் பேசும் பக்கங்களில் பழைய கணக்குத் தீர்க்கும் மனிதராகிவிடுகிறார். மேனாட்டிலும் இதே கதைதான். 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி துறந்தபின் அவருடைய அணுக்கர்களில் டீன் 1976இலும், ஹால்டிமன் 1978இலும், எர்லிக்மன் 1982இலும் நூல்கள் எழுதினர். வாட்டர்கேட் ஊழலில் தண்டனை பெற்றவர்கள் நூலாசிரியர்களாயினர்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். 1975 சூன் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சகமோகன் லால் சின்கா பிரதமரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் அச்சாணிகளுள் ஒன்று, ஓர் உதவியாளரின் பதவி விலகல் எந்நாளில் நடப்புக்கு வந்தது என்பது! பிரதமர் செயலகத்தில் தனிப்பணி அலுவலராக இருந்த யஷ்பால் கபூர், 1971 சனவரி 13ஆம் நாள் விலகல் கடிதம் கொடுத்தார். அதனை அன்றே வாய்மொழியாக ஏற்றுக்கொண்டதாகச் செயலர் பி.என்.ஹக்சர் சாட்சியம் கூறினார். ஆணை அறிவிக்கப்பட்டதோ சனவரி 25ஆம் நாள். 14ஆம் நாள் முதல் விலகல் செல்லும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. 25ஆம் நாள் வரை கபூர் அரசு ஊழியரே, ஆதலின் அதற்குள் ரேபரேலியில் அவர் ஆற்றிய தேர்தல் பணி முறைகேடே என்றது நீதிமன்றம். பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தி, அரசிதழில் கண்ட நாளே முடிவானது என்றாக்கியது. அதன்மேல் 1975 நவம்பர் 7இல் உச்சநீதிமன்றத்தில் தேர்தல் செல்லுபடியாயிற்று. கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்ற எழுத்தர்க்கு இது வெறும் அரசியற் கதையன்று. வாய்மொழி ஆணையை மறுநாளே எழுத்தில் உறுதி செய்துகொள் என்பது பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குப் போதிக்கப்படும் பாடம். நாட்டின் தலைசிறந்த அலுவலர்கள் இருந்த செயலகத்தில் அப்பாடம் பன்னிரண்டு நாள் மறக்கப்பட்டது.

தீர்ப்பினால் விளைந்த இழிவைப் பிரதமரின் அணுக்கர்கள் எதிர்கொண்ட விதம் யாவரும் அறிந்தது. சூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிரகடனத்தில் கையொப்பமிட்டார். தில்லியில் செய்தித்தாள் அச்சகங்கள் நிறைந்த தெருவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. செய்தித்துறை அமைச்சராக இருந்த குஜ்ரால் மாற்றப்பட்டு, வி.சி.சுக்லா அவ்விடத்துக்கு வந்தார். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு அச்சிட்டது. தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டபின், 1976 பிப்ரவரி 3இல், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப்பட்டியலை 'முரசொலி' வெளியிட்டது. அப்பெயர்கள் சிறைப்பட்டவர்களுடையவை என்பது வாசகர்க்குப் புரிந்தது, தணிக்கையாளர்க்குப் புரியவில்லை. சொல்லாமற் சொல்லும் குறிப்புப் பொருளைத் தொல்காப்பிய உரைகளில் தேடும் நம் புலவர்கள் இந்தப் பட்டியலையும் ஒரு முறை பார்க்கலாம்.

இந்நாள்களில் தில்லிச் செயலகத்தில் இருந்த மூவரின் எழுத்துகள் நமக்கு முன் உள்ளன. செயலகத் தலைமை ஏற்றிருந்த பி.என்.தர் 2000இல் எழுதிய நூல் ஒன்று. நெருக்கடி நிலை தமக்கு முன்கூட்டித் தெரியாது என்று கூறி, அதற்கான காரணங்களை அவர் ஆளுங்கட்சியிடம் மட்டுமன்றி எதிர்க்கட்சிகளிடமும் காண்கிறார். பொருளியலறிஞரின் நிதானம் அதில் உண்டு. கால் நூற்றாண்டின் இடைவெளியும் உண்டு. மற்றொன்று இணைச் செயலர் பி.என்.டாண்டன் இந்தியில் அன்றன்று எழுதிவைத்த நாட்குறிப்பு. அதன் ஆங்கிலவாக்கம் 2003இல் வெளிவரத் தொடங்கியது. நடையழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆயினும் மாலையில் வீடு திரும்பி, மனம் கசந்து, யாருக்கும் காட்டாமல் எழுதிய வரிகளுக்கு உள்ள வெப்பம் பின்னாளில் எழுதிய எந்நூலுக்கும் இல்லை. மூன்றாவது சாரதா பிரசாத்தின் நூல்.

மூன்றனுள் உரைநடையில் தலைசிறந்தது சாரதா பிரசாத்துடையதே. சிறு சிறு வாக்கியம். பிறரைத் தாழ்த்தாத நகை. இசையையும் இலக்கியத்தையும் தாம் அறிந்த பெரியோரையும் பேசுகையில் கன்னட நாட்டுப் பண்பு மிளிர்கிறது. புறங்கூறல் என்பது மருந்துக்கும் இல்லை. மத்தாயைப் படித்தவுடன் இவரைப் படித்தால் சந்தைக்கடையிலிருந்து நூலகத்துள் நுழைந்தது போலிருக்கும். எனினும் என் குறை இதுதான். தனிமனிதர் அந்தரங்கத்தை மறைத்தல் வேறு. ஆட்சியின் செயலை மறைத்தல் வேறு. முன்னதைச் சொல்லாமை நாகரிகம். செய்தித்தாள்களின் வாய் கட்டப்பட்ட பத்தொன்பது மாதங்களில், செய்தியாளராய் இருந்து, சிறையும் சென்ற ஒருவர் அம்மேசையில் அமர்ந்து என்ன சொன்னார், எதனை எதிர்த்தார், எதற்கு இணங்கினார் என்பது அவருடைய தனிச்சொத்தன்று. அவர் வாதாடியிருக்கலாம், தீமைகள் சிலவற்றைத் தடுத்தும் இருக்கலாம். அவ்வாறாயின் அவருடைய மௌனத்தால் இழப்பு அவருக்கே மிகுதி. ஒழுங்கான மனிதர் பேசாதிருந்தால், பேச்சுக் களம் மத்தாய்களுக்கு உரியதாகிவிடுகிறது.

ஓய்வு பெற்ற பின்னும் அலுவற் செய்தியைக் காத்தல் ஊழியன் கடன் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். விதி அவ்வாறே கூறுகிறது. நானும் அவ்விதிக்கு உட்பட்டவனே. ஆயினும் டாண்டன் அதே விதிக்கு உட்பட்டவர்தாம். அவர் எழுதிவைத்துக் காத்திருந்தார். காத்திருத்தல் ஒரு வழி.

அவ்வழி தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736 முதல் தாம் மறைந்த 1761ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநரின் மனைவி அரசியலில் தலையிட்டதையும், 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அப்பொழுது தம் மனம் பட்ட பாட்டையும் பச்சைத் தமிழில் பதிந்தார். தம் பெருமையையும் அவர் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். அதனாலேயே அவரை நம்பவும் ஐயுறவும் நமக்கு இடம் கிடைக்கிறது. அச்சுக்காக எழுதாத அந்த ஏடுகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே கண்டெடுக்கப்பட்டன.

1975 சூன் 26ஆம் நாள், நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே ஆகியோர் இங்கேயே கைதாகி, நம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். அத்வானியின் சிறைக்குறிப்புகள் 1978இல் நூலாயின. அதே சிறையில் வாடிய 'சம்ஸ்கார' நடிகை சினேகலதா ரெட்டி, விடுதலையான சில நாள்களில் 1977 சனவரியில் உயிர் நீத்தார். அவருடைய சிறை நாட்குறிப்பும் அச்சில் வந்தது. தில்லியிலிருந்து வந்தவர்கள் பெங்களூர்ச் சிறையில் இருந்து எழுதினார்கள்; பெங்களூரிலிருந்து போனவர் தில்லியில் எழுதாதிருந்தார். அச்சிறை இருந்த இடம் இன்று சுதந்திரப் பூங்கா. மாலை வேளைகளில் அவ்வழியே நடக்கும்பொழுதெல்லாம், எழுதப்படாத அந்த நூலின் முதற்பக்கம் எந்த நாளின் தேதியோடு தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. சூன் 26 ஆக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.