இரண்டாவது மிதி

யாழ்ப்பாணத்துக் கராஜில் பிறேக்கில் எயார் எடுக்கும்போது, காருக்குள் இருப்பவருக்குக் கீழேயிருந்து குரல் வரும்: "அமத்திப் பிடியும் தம்பி… விடாதையும்… ம், இப்ப விடும்." திருச்சி ஷெட்டில் அதே வேலைக்கு, "பம்ப் பண்ணுங்க தம்பி… அப்படியே புடிச்சுக்கங்க… விட்றாதீங்க." இரண்டு ஊரிலும் அந்தத் தம்பி நான்தான். முதலில் சுன்னாகத்தில் எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு. 1990இல் இடம்பெயர்ந்து திருச்சிக்குப் போன பிறகு, உறவுக்காரர் ஒருவரின் அம்பாசடர் டாக்சிக்கு. காலுக்கு வேலை ஒன்றுதான். அதற்கு முன்னால் நடந்தவைதான் வேறு வேறு.

இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிகள். மைனர் 1948இலிருந்து 1971 வரை பிரித்தானியாவில் செய்யப்பட்டது. அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை வாங்கி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டது. பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, ஒயில் ஓடும் பாதையும் ஒன்று. எந்தச் சில்லில் கசிந்தாலும் நான்கு சில்லுக்கும் பிறேக் போய்விடும். அதனால்தான் மிதி மெத்தென்று இறங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மைனரில் அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கால்மிதி விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றினால்தான் ஒயில் எவ்வளவு இருக்கிறதென்றே தெரியும். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் தூக்கிப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சென்னையில் 1962இலேயே பிரேக்ஸ் இந்தியா தொடங்கிவிட்டது. நான் இருந்த காலத்தில் அம்பாசடருக்கான 'கிட்' சின்ன ஊர்க் கடையிலும் தொங்கியது. உறை ஒன்றுக்குள் ரப்பர்கள், வாஷர்கள், எல்லாம் சேர்த்து. யாழ்ப்பாணத்தில் அப்போது பொருளாதாரத் தடை. பெற்றோலே இல்லாமல், துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின மைனரும் ஒஸ்டின் ஏ-போட்டியும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு றப்பர் கிடைத்தாலும், பாதை பூட்டியிருந்தால் அது வந்து சேராது. ஆகவே எங்கள் ஊர்க் கராஜில் ஒரு பொருளைக் கழற்றுமுன் நூறு முறை யோசித்தார்கள். அந்த யோசனைதான் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கற்றுத் தந்தது.

சுன்னாகத்து மெக்கானிக் எடுத்ததும் ஸ்பானரைத் தொடமாட்டார். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்காருவார். ஒருமுறை அமத்துவார். மிதி பாதிக்குக் கீழே போகும். விட்டுவிட்டு உடனே இரண்டாவது முறை அமத்துவார். இப்போது மேலேயே கெட்டியாக நின்றால், ஒயிலிலோ சிலிண்டரிலோ பிழையில்லை. ஷூ தேய்ந்து ட்ரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடிவிட்டது. ஸ்குரூ ட்ரைவரால் அட்ஜஸ்டரைச் சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்னுக்கு விட்டால் காசு செலவில்லாமல் முடிந்தது. இரண்டாவது மிதியும் பஞ்சுபோல் அமுங்கி எழும்பினால், உள்ளே எயார். மூன்றாவது வகையைப் பிடிக்கப் பொறுமை வேண்டும். அமத்தியபடியே அசையாமல் இருக்கவேண்டும். மிதி கெட்டியாகத் தொடங்கி, ஆளுக்குத் தெரியாமல் மெல்ல மெல்லக் கீழே போகும். சில்லுகளுக்குப் பின்னால் ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் ஒயிலைத் தாண்டிப் போகவிடுகிறது என்று பொருள். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அமத்திப் பிடிப்பார். அந்த நேரம் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது.

அவர் செய்த ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எந்தச் சில்லில் பிழை என்று அறிய, மூன்று றப்பர் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாக நெரித்துப் பிடித்துப் பார்ப்பார். எதை நெரித்ததும் மிதி கெட்டியாகிறதோ, பிழை அந்தப் பக்கம். முறை சரி. ஆனால் முப்பது வருடப் பழைய ஹோஸை நெரித்தால் உட்புறம் பிளந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

திருச்சி ஷெட்டில் வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. எஃப்சி என்ற வண்டித் தகுதிச் சான்றுக்கான நாள் நெருங்கினால் இன்னும் அவசரம். அதனால் மிதித்துப் பார்க்கும் சோதனை அரைநிமிடம்கூட இல்லை. "நாலு வீலுக்கும் கிட் போட்டுடலாம்ணே, டென்ஷனே இல்ல" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. எங்கள் டாக்சிக்குத்தான் சரிவரவில்லை. கிட் போட்டார்கள், மூன்று வாரத்தில் மிதி மறுபடி இறங்கியது. மறுபடி போட்டார்கள், மறுபடி இறங்கியது. கடைசியில் எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த மாமா ஒருவர், ஊரில் கராஜில் வேலை செய்தவர், ஒயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தார். மூடிக்குள்ளிருந்த ரப்பர் வாஷர் உப்பி, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. திரும்ப உள்ளே வைத்தால் அடங்கவில்லை. விரலில் ஒயிலைத் தொட்டு மோந்தார். "ஆரோ எஞ்சின் ஒயில் விட்டிருக்கினம்" என்றார். டிரைவரும் ஒப்புக்கொண்டார். ஓர் இரவு வழியில் பிரேக் ஆயில் கிடைக்காமல் கையிலிருந்ததை ஊற்றியிருந்தார். கனிம எண்ணெய் பட்டால் பிறேக் றப்பர் ஊதி இளகிவிடும். குழாய்களில் அந்த எண்ணெய் இருக்கும்வரை எத்தனை புது கிட் போட்டாலும் அதுவும் ஊதும். முழுவதையும் வடித்து, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, ஹோஸ் மூன்றையும் மாற்றி, ரப்பர் எல்லாவற்றையும் மூன்றாம் முறை புதிதாகப் போட்ட பிறகுதான் வண்டி வழிக்கு வந்தது.

ஆனாலும் றப்பரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு வழக்கமே சரி. எங்கள் ஊரில் கழற்றிய றப்பரைக் கழுவி, 'நல்லாத்தான் கிடக்கு' என்று திரும்பப் போட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எயார் எடுக்கும்போது வந்த ஒயிலைப் போத்தலில் தெளியவிட்டு மீண்டும் ஊற்றியதும் உண்டு. அன்று வேறு வழி இல்லை. இன்று அதைச் செய்யவே கூடாது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது நியதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தால் அந்த அளவு 140தான். அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி போடுகிறது. குழி விழுந்த சிலிண்டரில் புது றப்பர் ஒரு மாதம் தாங்காது. இங்கேதான் எங்கள் கடைச்சல் பட்டறைக்காரரை நினைக்கிறேன். அவர்கள் சிலிண்டரைத் தூக்கி எறியவில்லை. உள்ளே கடைந்து, பித்தளைக் குழல் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். அம்பாசடர் நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. அதன் சிலிண்டருக்கும் இனி அந்தக் கை தேவைப்படும்.

இப்போது என் மைனருக்கு நானே எயார் எடுக்கிறேன். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடது சில்லில் தொடங்குவேன். நிப்பிளில் மாட்டிய குழாயின் நுனி, போத்தலிலுள்ள ஒயிலுக்குள் மூழ்கியிருக்கவேண்டும். உள்ளே என் மகள். 'பம்ப் பண்ணு' என்று அவளிடம் சொல்வதில்லை. வேகமாக மிதித்தால் எயார் பொடிக்குமிழாகச் சிதறி ஒயிலோடு கலந்து, வெளியே வர மறுக்கும். மெல்ல அமத்தச் சொல்லி, நிப்பிளை அரைச்சுற்றுத் திறப்பேன். பூட்டும்வரை "விடாதையம்மா." முதலில் பெரிய குமிழ்கள், பிறகு கடுகளவு, பிறகு வெறும் ஒயில். நான்கு சில்லும் முடிந்ததும் ஒருமுறை அமத்தி, விட்டு, இரண்டாவது முறை அமத்தச் சொல்வேன். "ரெண்டும் ஒரே உயரத்திலதான் நிக்குது அப்பா" என்றாள், போன ஞாயிற்றுக்கிழமை.