'கள்ளச்சாராயம்' என்னும் சொல்லாட்சி

2024ஆம் ஆண்டு சூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தைச் சூழ்ந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எழுந்த உரைநடை எழுத்துகளைப் பயில்வார்க்கு ஒரு சொல்லின் ஆட்சி உறுத்தாமற் போகாது. 'கள்ளச்சாராயம்' என்பதே அது. விரைந்து செய்தி எழுதியோரைக் குறைகூறல் நம் கருத்தன்று. ஓய்ந்திருந்து கட்டுரை வரைந்தோரும், கல்வராயன் மலையில் 'காய்ச்சியதை' உண்டு மாண்டனர் என எழுதிச் சென்றமையே ஆராயத்தக்கது.

'கள்ள' என்னும் அடைக்கு வழக்கில் இரு பொருள் உண்டு. 'கள்ளவழி' என்புழி மறைவானது என்பது பொருள். வழி மெய்யான வழியே. 'கள்ளநாணயம்' என்புழிப் போலியானது என்பது பொருள். அது நாணயமே அன்று. (ஊர்ப்பெயரின் முன்னுள்ள 'கள்ள' என்பதை இதனுள் இழுத்தல் வேண்டா.)

மலைச் சாராயம் முதற்பொருளில் மட்டுமே கள்ளமுடையது. அப்பொருளும் சட்டம் தந்ததே. 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதல் சேலம் மாவட்டத்தில் புகுந்தது; தென்னார்க்காட்டிற்கு அன்று வரவில்லை. கல்வராயன் தொடரோ இரு மாவட்டங்களிலும் கிடந்தது. ஒரு சரிவில் உரிமத்துடன் விற்கத்தக்க பொருள், மறுசரிவில் கள்ளச்சாராயம் ஆயிற்று. 1948இல் மாகாணம் முழுதும் விலக்கு வந்தபின் அவ்வேற்றுமை ஒழிந்தது.

கருணாபுரத்தில் விற்றது இரண்டாம் பொருளில் கள்ளம். அது தொழிற்சாலைக்குரிய மெத்தனால் கலந்தது. உடலிற் சென்று பார்மிக் அமிலமாகிக் கண்ணையும் உயிரையும் கவர்வது அது. வெல்லம் ஊறவைத்து எவரும் காய்ச்சிப் பெற்றதன்று. 'நச்சுச்சாராயம்' என்பதும் பொருந்தாது. சாராயம் நஞ்சாகத் திரிந்ததுபோல் அத்தொடர் காட்டுகின்றது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிகழ்ந்த மதுவிலக்கை நோக்குக. சிக்காகோக் குழுக்கள் விற்பனை எல்லைக்காக ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய கதையே பலரும் அறிவர். தொழிற்சாலை ஆல்ககாலில் அரசின் விதிப்படி சேர்த்த மெத்தனால், களவாகக் குடிக்கு விற்கப்பட்டுப் பலரைக் கொன்றமை அத்துணை பேசப்படுவதில்லை.

வள்ளுவர் கள்ளுண்பாரை நஞ்சுண்பார் என்ற 926ஆம் குறளை ஈண்டு மேற்கோள் காட்டல் எளிது. ஆயினும் அறிவிழத்தல் பற்றிக் கூறிய அக்குறளை, நஞ்சென்று அறியாது நஞ்சையே வாங்கி உண்டார்மேல் ஏற்றிக் கூறின், விற்றவன் குற்றம் உண்டவன் தலையில் விழும்.

இது சொற்பூசல் மட்டுமன்று. ஊறலுக்கு நாள் வேண்டும். விறகும் ஓடைநீரும் மறைவிடமும் வேண்டும். மெத்தனாலுக்கு ஒரு பீப்பாயும் நீரும் போதும். விலைப்போட்டியில் முன்னது பின்னதற்கு ஈடாகாது. துயரம் நேர்ந்த பின் காவலர் மலையேறிப் பல்லாயிரம் லிட்டர் ஊறலை அழித்தனர். சட்டப்படி அது முறையே. எனினும் ஊறல் அழிந்த சந்தையில் எஞ்சி நிற்பது பீப்பாய்தான். அதனைத் தேட வேண்டிய இடம் மலையன்று.